மாதவிடாய் வலிக்கு ஜிங்க் மாத்திரை: பலன் உண்டா?

தாமிரா:
மாதவிடாய் வலிக்காக மூணு மாசமா ஜிங்க், அதாவது துத்தநாகச் சத்து மாத்திரை எடுக்கறேன். தேதிக்கு நாலு நாள் முன்னாடி ஆரம்பிச்சு, தினம் ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம். முதல் நாள் சுருண்டு படுத்துக்கற வலி பாதியா குறைஞ்சிருக்கு. மெஃப்டால் வலி மாத்திரை போடாமலே காலேஜ் போயிட்டு வந்தேன். எந்த டாக்டரும் ஏன் இதைச் சொல்றதில்லை?

நிலாமுற்றம்:
வலி குறைஞ்சதுல எனக்கும் சந்தோஷம்மா. ஆனா மருந்துக்கடையில நிக்கறவளா சொல்றேன், எல்லாரையும் இதுக்கு மாறச் சொல்லாதீங்க. கர்ப்பப்பையை இறுக்கிப் பிழியறது புரோஸ்டாகிளாண்டின்னு உடம்புல சுரக்கற ஒரு ரசாயனம். மெஃப்டால்ல இருக்கற மெஃபனமிக் அமிலம் அது உருவாகறதையே தடுக்குது. ஜிங்க்குக்கு அவ்வளவு வலுவான ஆதாரம் கிடையாது. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து அலசற காக்ரேன் அமைப்பு, 2016ல இந்த வலிக்கான சத்து மாத்திரைச் சோதனைகளை ஒண்ணா சேர்த்துப் பார்த்துச்சு. ஜிங்க் சல்ஃபேட்டுக்கு ஓரளவு பலன் தெரிஞ்சாலும் ஆதாரத்தோட தரம் குறைவுன்னுதான் வந்தது.

தாமிரா:
தரம் குறைவுன்னா பலனே இல்லைன்னு ஆயிடுமா அக்கா? ஈரான்ல 150 பள்ளி மாணவிகளை வச்சு நடந்த சோதனையில இஞ்சியும் ஜிங்க்கும் மருந்தே இல்லாத வெத்து மாத்திரையை விட நல்லாவே வலியைக் குறைச்சிருக்கு. மெஃபனமிக்கால அபூர்வமா கடுமையான ஒவ்வாமை வரலாம்னு 2023 கடைசியில அரசாங்கமே எச்சரிச்சது. எனக்கு அதைப் போட்டாலே வயித்தைப் புரட்டுது.

நிலாமுற்றம்:
ஒத்துக்காதவங்க இருக்காங்க, அல்சர் இருந்தா தொடவே கூடாது. அதுல உங்க பக்கம்தான். உங்க மாத்திரை எத்தனை மில்லிகிராம்?

தாமிரா:
அட்டையில 50ன்னு போட்டிருக்கு.

நிலாமுற்றம்:
பெரியவங்களுக்கு ஒரு நாள் உச்ச வரம்பா அமெரிக்காவுல வச்சிருக்கறது 40. நாலு நாளைக்குப் பயமில்லை. மாசம் பூரா, வருஷக்கணக்கா போனா செம்புச் சத்து இறங்கி ரத்தசோகையும் நரம்புப் பாதிப்பும் வரலாம். இரும்பு மாத்திரையோட சேர்த்துப் போட்டா ரெண்டுமே சரியா உடம்புல ஏறாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புல 15லேருந்து 49 வயசுப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்துச்சு. நம்மள்ல நிறையப் பேர் இரும்பு மாத்திரை போடறவங்க, அதை மறந்துடாதீங்க.

வைகறை:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். ரெண்டு பேரும் மாத்திரையைப் பத்தியே பேசறீங்க. என் தங்கச்சி ஆறு வருஷம் வலி மாத்திரையிலயே ஓட்டினா. "கல்யாணம் ஆனா சரியாயிடும்"னு பாட்டி சொன்னதை நாங்களும் நம்பினோம். கடைசியில ஸ்கேன்ல சினைப்பையில பழைய ரத்தம் தேங்கின சாக்லேட் கட்டி. எண்டோமெட்ரியோசிஸ்னாங்க, அதாவது கர்ப்பப்பையோட உள்சுவர் மாதிரியான திசு வெளியிலயும் வளர்ற நோய். தாமிரா, வருஷத்துக்கு வருஷம் வலி கூடுதா? பீரியட்ஸ் இல்லாத நாள்லயும் வலிக்குதா?

தாமிரா:
கூடிக்கிட்டேதான் வந்திருக்கு, அதனாலதான் ஜிங்க்கே தேடினேன். ஸ்கேன் எடுத்ததே இல்லை அக்கா. வர்ற வாரம் அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன். ஜிங்க்கை விட மாட்டேன், ஆனா நாலு நாளைத் தாண்ட மாட்டேன்.

நிலாமுற்றம்:
அந்த அட்டையையும் எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா.