வேர்டு மேக்ரோவில் பாமினியை (ஆங்கில எழுத்துக் குறிகளுக்குத் தமிழ் வடிவம் காட்டும் பழைய எழுத்துரு) யூனிகோடாக்கியவர்கள் வாங்க: எங்கே மாட்டிச்சு?

பழையபேசிக்
கியூபேசிக், விபி6 என்று பழைய பேசிக் மொழிகளில் எழுதிவிட்டுப் பல வருஷம் கழித்து வருபவர்கள் முதலில் முட்டிக்கொள்வது கேள்விக்குறியில்தான். வேர்டில் ஆல்ட்+எஃப்11 தட்டி, மேக்ரோ எழுதும் விபிஏ எடிட்டரில் "க" ஒட்டினால் "?" விழும். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. அந்த எடிட்டர் ஆன்சி என்ற, யூனிகோடுக்கு முந்தைய குறிமுறையை நம்பி ஓடுவது. விண்டோஸில் தமிழுக்கு ஆன்சி பக்கமே கிடையாது. அதனால் எண்ணைக் கொடுத்து எழுத்தை வாங்கும் சிஎச்ஆர்டபிள்யூ (ChrW) தான் வழி: சிஎச்ஆர்டபிள்யூ(2965) என்றால் க, 3006 கால், 3021 புள்ளி. எண் தெரியாவிட்டால் எழுத்தைத் தேர்வு செய்து, எடிட்டரின் கன்ட்ரோல்+ஜி ஜன்னலில், எழுத்துக்கு எண் சொல்லும் ஏஎஸ்சிடபிள்யூ (AscW) கேளுங்கள். முதல் குறியின் எண் மட்டும்தான் தரும்.

பிழைதிருத்தி
மேலே சொன்னது சரி, ஆனால் நூற்றுக்கணக்கான வரி சிஎச்ஆர்டபிள்யூவை யார் சரிபார்ப்பது? தனி வேர்டு கோப்பில் இரண்டு நெடுவரிசை அட்டவணை போடுங்க: இடப்பக்கம் பாமினி, வலப்பக்கம் யூனிகோடு. மேக்ரோ அதைப் படிக்கட்டும். ஒவ்வொரு செல்லின் உரைக்கும் கடைசியில் 13, 7 என்று இரண்டு குறிகள் ஒட்டிக்கொண்டு வரும். லெஃப்ட்(உரை, லென்(உரை)-2) போட்டு வெட்டாவிட்டால் தேடல் எதையும் பிடிக்காது.

இன்னொன்று, பேய் வேலை. ஆட்டோகரெக்ட் செல்லின் முதல் எழுத்தைத் தானே கேப்பிட்டல் ஆக்கும். பாமினியில் சின்ன என் (n) ஒற்றைக்கொம்பு, பெரிய என் (N) இரட்டைக்கொம்பு. அட்டவணையிலேயே கெ வரிசை கே வரிசையாகிவிடும். அதை அணைச்சுட்டுத் தட்டச்சு பண்ணுங்க. தேடலில் பெரிய, சின்ன எழுத்தைப் பிரித்துப் பார்க்கும் மேட்ச்கேஸ் ட்ரூ கட்டாயம்.

கொம்புசுழி
எதை முதலில் மாற்றுவது என்ற வரிசையை யாரும் சொல்லலையே! நீளமானது முதலில். பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வரும், யூனிகோடில் பின்னால். அதனால் கொ (என்-எஃப்-எச், அதாவது கொம்பு-க-கால்) முதலில், பிறகு கெ, கா, கடைசியில் தனி க. எஃப்பை முதலில் மாற்றினால் கொம்பு அநாதையாக நிற்கும்.

பாமினியில் காற்புள்ளிச் சாவிதான் இ. காற்புள்ளி வேண்டுமென்றால் "பெரிது" குறி (>). முதலில் இ மாற்றி, அதற்கப்புறம்தான் காற்புள்ளி. தலைகீழாகச் செய்தால் ஆவணத்தில் உள்ள காற்புள்ளி அத்தனையும் இ!

பெங்குயின்பக்கம்
இவ்வளவு பாடு எதற்கு? வேர்டுக்குப் பதில் இலவச லிப்ரேஆபிஸில் பைத்தான் மேக்ரோ எழுதுங்கள், தமிழை நேரடியாகக் கோடிலேயே எழுதலாம். உபுண்டுவில் லிப்ரேஆபிஸ்-ஸ்கிரிப்ட்-புரொவைடர்-பைத்தான் பொதியை நிறுவணும். பயனர் கோப்புறைக்குள் ஸ்கிரிப்ட்ஸ், அதற்குள் பைத்தான் என்று நீங்களே உருவாக்கணும். முதல் பெயரில் எஸ் பெரிய எழுத்து, இரண்டாவதில் எல்லாம் சிறியது. பேசிக்கே வேண்டுமென்றாலும் அங்குள்ள எடிட்டர் தமிழை ஏற்கும். எப்படியும் மூலக்கோப்பின் நகலில்தான் ஓட்டணும். பழக்கத்துக்காக விபிஏவில் ஒட்டிக்கொண்டிருப்பது வீண்.

பிழைதிருத்தி
கேட்டது வேர்டு மேக்ரோ, ஐயா. அச்சகத்தில் இருப்பது வேர்டு.

அடிக்குறிப்பு
சண்டை இருக்கட்டும். வேர்டு மேக்ரோவை ஆக்டிவ்டாக்குமென்ட்.கன்டென்ட் மேல் ஓட்டினால் உடல் உரை மட்டும் மாறும். அடிக்குறிப்பு, பக்கத்தலைப்பு, உரைப்பெட்டி எல்லாம் பாமினியாகவே கிடக்கும். இந்தப் பகுதிகளையெல்லாம் தரும் ஸ்டோரிரேஞ்சஸ் வழியாகச் சுற்றி, ஒவ்வொன்றிலும் நெக்ஸ்ட்ஸ்டோரிரேஞ்ச் நத்திங் ஆகும்வரை போகணும். ஃபைண்டில் எழுத்துருப் பெயரை பாமினி என்று கொடுத்து, ஃபார்மேட் ட்ரூ வையுங்கள். இல்லையென்றால் நடுவில் இருக்கும் ஆங்கில வார்த்தைகளும் தமிழாகிவிடும்.