குஞ்சுகளின் தீன்பை காலையிலும் வீங்கியே இருக்கிறது, உதவுங்கள்

நுவரெலியாப் பக்கம் தோட்டத்தில் நாட்டுக்கோழி வளர்க்கிறோம். புதிதாகப் பொரித்த குஞ்சுகளில் இரண்டுக்குக் கழுத்தடியில் தீன்பை வீங்கிவிட்டது, இராத்திரி முழுக்கத் தீன் இல்லாமல் இருந்தும் விடிந்து பார்த்தால் காலியாகவில்லை. ஒன்றுக்குத் தொட்டால் கெட்டி, மற்றதுக்குத் தண்ணீர் அடைத்த பை மாதிரி மெத்தென்று, வாயில் புளித்த வாடை வேறு. குளிரில் செரிமானம் மந்தமாகும், முதல் வாரம் 35 பாகை அளவுக்குச் சூடு வேண்டும் என்பதால் பல்பைத் தாழ்த்திக் கட்டியிருக்கிறேன். தின்ற தீன் வயிற்றில் அரைபடப் பொடி மணலும் வைக்கிறேன். கெட்டியானதுக்கு வெதுவெதுப்பான தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்து மெல்ல நீவினால் இளகுமா? தலைகீழாகப் பிடித்துக் கக்க வைக்கச் சொல்கிறார்கள், ஆனால் மூச்சுக்குழாயில் போனால் செத்துவிடும், அதைச் செய்யவே மாட்டேன். மிருக வைத்தியரிடம் திங்கட்கிழமைதான் போகலாம். அதுவரைக்கும் என்ன கொடுக்கலாம், புளித்த வாடை வருவதைத் தனியாக வைக்க வேண்டுமா? அனுபவமுள்ள அண்ணன்மார், அக்காமார் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.