புதுப்பிப்பு: அலுவலகத்துக்கு வேட்டி

சித்திரை வெயிலில் இறுக்கமான ஜீன்ஸால் இடுப்பிலும் தொடையிலும் வேர்க்குரு படர்ந்து அவதிப்பட்டபோது, சென்னையிலுள்ள எங்கள் அலுவலகத்துக்கு வேட்டி கட்டிச் செல்லலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். இப்போது மூன்று மாதங்களாகக் கட்டிச் செல்கிறேன்.

பலர் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சுட்டிக்காட்டியிருந்தீர்கள். வேட்டி அணிந்து வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குச் சென்னை மன்றம் (கிளப்) ஒன்றில் அனுமதி மறுக்கப்பட்டதையடுத்து வந்த அச்சட்டம், மன்றங்கள் போன்ற பொது இடங்களில் வேட்டியுடன் நுழைவதைப் பற்றியது என்பதால், அதைக் காட்டி மேலாளரிடம் வாதாடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நேரில் கேட்டேன். வாடிக்கையாளர் வரும் நாளில் மட்டும் பேன்ட் என்றார், ஒப்புக்கொண்டேன்.

உண்மையான சிக்கல் வேறு. எட்டு முழம் இரட்டை மடிப்பாக நிற்பதால் மதியத்துக்குள் புழுங்கியது. நான்கு முழத்துக்கு மாறியபின் காற்றோட்டம் கிடைத்தாலும், பைக்கில் காலை வீசிப்போட்டு ஏறும்போது கரை பின்கைப்பிடியில் மாட்டி, வேட்டி பாதி அவிழ்ந்து, இரண்டு அங்குலம் கிழிந்தும் போயிற்று. அன்றே, இடுப்பில் ஒட்டும் பட்டை வைத்த ஒட்டிக்கோ வேட்டி வாங்கினேன். அதிலுள்ள பையில் கைப்பேசிக்கும் இடம் கிடைத்தது. (கட்டத் தெரியாதவன் என்று அப்பா இன்னும் கேலி செய்கிறார்.)

முதல் வாரம் தேநீர்க் கடைக்காரர், "என்ன சார், பொண்ணு பார்க்கப் போறீங்களா?" என்றார். இப்போது அவர் கேட்பதெல்லாம் சர்க்கரை போடலாமா என்பதுதான். வேர்க்குரு மறைந்துவிட்டது, ஜீன்ஸ் இரண்டும் பீரோவின் அடித்தட்டில் கிடக்கின்றன.