தங்க ஆலையில சைக்லோன் பம்ப் அடிக்கடி ட்ரிப் ஆகுது, கழிவில தங்கமும் போகுது. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

நெடுங்கேணியான்:
வணக்கம். நான் கானாவில ஒரு தங்க ஆலையில பிற்றர். இப்ப லீவில ஊரில நிக்கிறன். நிம்மதியா நிக்க விட்டாத்தானே, ராவிராவா வட்ஸ்அப்பில போட்டோவும் வொய்ஸும் வந்து விழுது.

விசயம் இதுதான். போல் மில்லில (இரும்புக் குண்டு போட்டுக் கல்லரைக்கிற உருளை) அரைபட்ட சேற்றைச் சைக்லோனுக்கு (பருமணலையும் நுண்மணலையும் சுழற்றிப் பிரிக்கிற கூம்பு) தள்ளுற பம்ப், ஒவ்வொரு ஷிப்டிலயும் ஓவர்லோடில விழுந்துகொண்டே இருக்கு. அது விழுந்தா மில்லும் நிக்கும். திரும்ப எடுத்து ஒரு நிதானத்துக்குக் கொண்டுவர ஷிப்டில பாதி போயிடும். இதுக்குள்ள கழிவுச் சேற்றில தங்கம் வரவரக் கூடுது எண்டு லாப் சொல்லுது. மேல இருக்கிறவர் தங்கத்தைக் கரைக்கிற சயனைட்டைக் கூட்டச் சொல்லிப்போட்டார். மோட்டரையும் மாத்தப் போயினமாம். மோட்டர் பெயரிங் சூடில்லை, சத்தமில்லை, பிறகேன் மாத்துவான்? ஸ்ராண்ட்பை பம்ப் ஒண்டும் பக்கத்தில இருக்கு, அது அசையுதே இல்லை.

கிறஷர்காரன் (ஓமந்தை):
தலைப்பைப் பாத்திட்டு வன்னியில தங்கம் எடுத்திட்டாங்களோ எண்டு ஓடி வந்தனான். எங்கட பக்கம் கருங்கல்லுத்தான் தம்பி.

ஒண்டு கேக்கிறன். ட்ரிப் ஆக முதல் அம்பியர் மெல்ல மெல்ல ஏறுதோ, ஒரேயடியாப் பாயுதோ? பாஞ்சா உள்ளுக்கு என்னவோ மாட்டுப்படுது. மெல்ல ஏறினா எங்கயோ தேய்ஞ்சிருக்கு.

நெடுங்கேணியான்:
மெல்லத்தான் அண்ணை. சைக்லோன் பிரஷர் இறங்க இறங்க ஒபரேட்டர் பெடியன் பம்ப் ஸ்பீடைக் கூட்டிறானாம். கடைசியில விழுது.

கல்கூர்லியில் வன்னியான்:
அப்ப மோட்டரில பிழை இல்லை. பம்பின்ர வாய்ப்பக்க லைனரும் (உட்கவசத் தகடு) இம்பெல்லரும் (சேற்றைத் தள்ளுற சுழல் சக்கரம்) தேய்ஞ்சு இடைவெளி கூடியிருக்கு. தள்ளின சேறு அந்த இடைவெளியால திரும்ப உள்ளுக்கே சுத்துது. பிரஷர் இறங்கும், ஸ்பீடைக் கூட்டுவினம். ஸ்பீட் பத்து வீதம் கூடினா மோட்டர் இழுக்கிற பவர் மூண்டிலொரு பங்கு கூடும். தேய்மானமும் அதோட சேர்ந்து ஓடும். புது மோட்டர் போட்டாலும் அதே இடத்தில வந்து நிக்கும்.

பம்பை நிப்பாட்டி, கறன்டைப் பூட்டி எச்சரிக்கை டாக் போட்டு, பெயரிங் கூட்டுக்குக் கீழ இருக்கிற அட்ஜஸ்ட் போல்டால இம்பெல்லரை முன்னுக்குத் தள்ளச் சொல்லுங்கோ. ஷாப்டைக் கையால சுத்திச் சுத்தித் தள்ள வேணும். லைனரில மெல்ல உரசுற சத்தம் கேட்ட உடன கொஞ்சம் பின்னுக்கு எடுத்து இறுக்க வேணும். பெல்டையும் ஒருக்காப் பாக்கச் சொல்லுங்கோ. இது தற்காலிகம்தான். லைனர் முடிஞ்சிருந்தா மாத்தியே ஆகவேணும்.

மற்றது, தங்கம் போறதும் பம்ப் விழுறதும் வேறவேற விசயம் எண்டு நினைக்காதேங்கோ. பிரஷர் இறங்கினா சைக்லோன் சரியாப் பிரிக்காது, மில்லுக்குத் திரும்ப வேண்டிய பருமணல் மேலால தப்பி, சயனைட் கலக்கிற லீச் தாங்கிக்குப் போயிடும். மணல் மணிக்குள்ள பூட்டிக் கிடக்கிற தங்கத்தைச் சயனைட் தொடாது. எவ்வளவு ஊத்தினாலும் தொடாது.

உறுதிப்படுத்த, கழிவுச் சேற்றை வடிச்சுத் தண்ணியை வேறயா, மண்ணை வேறயா அசே (தங்க அளவுச் சோதனை) எடுக்கச் சொல்லுங்கோ. தண்ணியில தங்கம் கூட எண்டா, கரைஞ்ச தங்கத்தைப் பிடிக்கிற கரியிலதான் கோளாறு: கரியின்ர அசிட் கழுவல், அதைத் திரும்பச் சுடுற சூளை, தாங்கியில இருக்கிற கரி அளவு. மண்ணில கூட எண்டா முதலில அரைப்பைப் பாருங்கோ. மண்ணை அரிதட்டால அரிச்சு, ஒவ்வொரு அளவையும் தனித்தனியா அசே பண்ணினா இன்னும் துலக்கமாத் தெரியும்.

சைக்லோன் அடியையும் ஒருக்காப் பாக்கச் சொல்லுங்கோ. குடை மாதிரி விரிஞ்சு விழுந்தா நல்லம். கயிறு மாதிரித் திரண்டு விழுந்தா அங்கயும் பருமணல் மேலால போகுது.

மில்கார அண்ணை (பரந்தன்):
எனக்குத் தங்கமும் தெரியாது சயனைட்டும் தெரியாது, நெல்லுத்தான் தெரியும். ஆனா அசையாத ஸ்ராண்ட்பையை ஏன் ஒருத்தரும் கதைக்கேல்லை? அது வேலை செய்தா இண்டைக்கு இந்தப் பம்பை ஆறுதலாக் கழட்டலாமே. எங்கட மில்லில ஜெனரேட்டரை ஒவ்வொரு வெள்ளியும் ஓட்டுறது, கறன்ட் இருந்தாலும் ஓட்டுறது.

கல்கூர்லியில் வன்னியான்:
அண்ணை சொன்னதுதான் சரி. சேற்றுப் பம்பை நிப்பாட்டேக்குள்ள தண்ணியால கழுவி வடிச்சு விடாட்டி மணல் இறுகிச் சீமெந்தாப் போகும். ரெண்டையும் முறை வைச்சு மாத்தி மாத்தி ஓட்ட வேணும். இறுகினதை மோட்டர் போட்டு உடைக்கப் பாக்கவேண்டாம். கழட்டிக் கழுவுங்கோ.

சிரட்டைக்கரி (முள்ளியவளை):
தங்கம் பிடிக்கிற கரி தேங்காய்ச் சிரட்டையில செய்யிறது எண்டு கேள்வி. எங்கட சிரட்டையும் போகுதோ?

கல்கூர்லியில் வன்னியான்:
போகுதண்ணை. இலங்கையில இருந்து ஏற்றுமதியாகிற சிரட்டைக் கரியில ஒரு பங்கு தங்க ஆலையளுக்குத்தான். கல்லு மாதிரி இறுக்கமானது, தாங்கிக்குள்ள உரசுப்பட்டாலும் லேசில உடையாது. உடைஞ்சா அந்தத் தூள் தங்கத்தோட சல்லடையால நழுவிக் கழிவுக்குப் போயிடும். நெடுங்கேணியான், கழிவை அரிக்கேக்குள்ள கறுப்புத் தூள் நிக்குதோ எண்டும் பாக்கச் சொல்லுங்கோ.

நெடுங்கேணியான்:
எல்லாருக்கும் நன்றி. இம்பெல்லரை முன்னுக்குத் தள்ளியிருக்கினம். அம்பியர் இறங்கிட்டுது, நேற்று ராவு ட்ரிப் இல்லை. அசேயும் வந்திட்டுது. தண்ணியில 0.01 பிபிஎம் (பத்து லட்சத்தில ஒரு பங்கு ஒரு பிபிஎம்) அளவுதான், தங்கம் முழுக்க மண்ணிலதான் போகுது. 75 மைக்ரோனுக்குக் கீழ எண்பது வீதம் வரவேண்டிய அரைப்பு அறுபதில நிக்குது. கறுப்புத் தூள் பெரிசா இல்லையாம். ஸ்ராண்ட்பையைக் கழட்டிப் போட்டோ அனுப்பியிருக்கிறாங்கள், வாய் முழுக்க மணல், உளியால கொத்தி எடுக்கிறாங்கள்.

மேல இருக்கிறவர் இன்னும் சயனைட்டை விடுறார் இல்லை.

கல்கூர்லியில் வன்னியான்:
கூட்டத்தான் வேணுமெண்டா முதலில சுண்ணாம்பு பாக்கச் சொல்லுங்கோ. சேற்றின்ர பி.எச். அதால 10-க்கு மேல நிக்க வேணும். இறங்கினா சயனைட் விஷவாயுவாக் கிளம்பும், நிண்டு வேலை செய்யிற பெடியளுக்குத்தான் ஆபத்து. அசேத் தாளை அவருக்கு நேர அனுப்புங்கோ, அரைப்புத் திரும்ப எண்பதுக்கு வந்த பிறகு இன்னொண்டு எடுத்து அதோட வையுங்கோ.

நெடுங்கேணியான்:
கடைசியா ஒண்டு. புது லைனர் வர மாதமாகுமாம். தேய்ஞ்ச லைனருக்கு வெல்டிங் போட்டு நிரப்பலாமோ?

கிறஷர்காரன் (ஓமந்தை):
ஹை குறோம் (குறோமியம் கூடின இரும்பு) வார்ப்பெண்டா கிட்டவும் போகாதேங்கோ. வெடிப்பு விழுந்திடும். எங்கட கிறஷர் புளோ பாருக்கு (கல்லை அடிச்சு உடைக்கிற கட்டை) வெல்டிங் போட்டுப் பாத்த ஆக்களைக் கேளுங்கோ. ஸ்ராண்ட்பையில இருக்கிற லைனர் அவ்வளவு ஓடாததுதானே, அதைக் கழுவிப் பாத்தீங்களோ?