புதுப்பிப்பு: யாழ்ப்பாணத்தில் வேலை முடிந்த பின்னேரங்கள்

வேலையாக யாழ்ப்பாணம் போகிறேன், பின்னேரத்தில் என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் சொன்ன பண்ணைக் கடற்கரை நல்ல இடம்தான். கோட்டைப் பக்கம் கச்சான் கொறித்துக்கொண்டு, சூரியன் களப்பில் இறங்குவதைப் பார்க்கலாம்.

ஆனால் எனக்குப் பிடித்தது பருத்தித்துறை. 750 பஸ்ஸில் நெல்லியடி வழியாகப் போனேன். அந்த ஊர்த் தட்டை வடை இருக்கிறதே, மெல்லிசு, மொறுமொறுப்பு. பெருஞ்சீரகம் பல்லில் தட்டுப்படும், உறைப்பு பிறகுதான் ஏறும். அலுவலகத்துக்கென்று வாங்கிய பையில் பாதி வெளிச்சவீட்டடியிலேயே முடிந்தது. "தம்பி, கடைசி பஸ்ஸை விட்டுடாதேங்கோ" என்று கடைக்கார ஐயா சொல்லாவிட்டால் அங்கேயே நின்றிருப்பேன்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்கும் போனேன். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும், அப்புறம் சொல்லவில்லை என்காதீர்கள். நாளை வேலை நேரத்தோடு முடிந்தால் காரைநகர் கசூரினா கடற்கரை.