தினசரி ஓட்டத்துக்கும் பந்தயத் தடத்துக்கும் ஒரே ஸ்விஃப்ட்: சஸ்பென்ஷன் வேலையை எங்கிருந்து தொடங்குவது?

மேற்குத்தாம்பரம்:

வணக்கம். என்னிடம் 2019ஆம் ஆண்டு வாங்கிய மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோல் கார் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து ஒரகடத்துக்கு வேலைக்குப் போய்வருவது இதில்தான். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்ட அனுமதிக்கும் நாட்களில் அங்கே ஓட்டுவதும் இதில்தான். காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போகும் வசதி எனக்கு இல்லை. ஆகவே காலையில் தடத்துக்கு ஓட்டிச் சென்ற அதே காரில், அதே டயர்களில் மாலையில் வீடு திரும்பியாக வேண்டும்.

நேர்த்தடத்தின் முடிவில் வலப்புறம் திரும்பும் முதல் வளைவான சி1-இல், ஸ்டீயரிங்கைத் திருப்பிய அளவுக்குக் கார் திரும்பாமல் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போகிறது. இடது முன்டயரின் வெளி ஓரம் வழவழவென்று தேய்ந்துவிட்டது. அதே டயரின் உட்பக்கம் கிட்டத்தட்டப் புதிதாகவே இருக்கிறது. பட்டறை ஒன்றில் விசாரித்தபோது, ஷாக் அப்சார்பரை மாற்றாமல் காரை 40 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங்குகளை மட்டும் போட்டால் போதும் என்றார்கள். நண்பர் ஒருவர் நேரடியாகக் காயில்ஓவருக்கு (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே அலகாக, உயரத்தை மாற்றும் வசதியுடன் வருவது) போகச் சொல்கிறார். எங்கள் தெருவில் உள்ள வேகத்தடைகளையும் மனத்தில் வைத்து, எதை முதலில் செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சக்கரச்சீர்:

உங்கள் இடது முன்டயரே பாதி பதிலைச் சொல்லிவிட்டது. ஸ்விஃப்டின் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் வகையைச் சேர்ந்தது, அதாவது ஷாக் அப்சார்பரே சக்கரத்தை மேலே பிடித்து நிறுத்தும் தூணாகவும் (ஸ்ட்ரட்) இருக்கிறது. வளைவில் காரின் உடல் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரமும் பெருமளவு அதனுடனேயே சாய்ந்து, டயரின் வெளி ஓரத்தில் மட்டும் நின்று பாரத்தைச் சுமக்கிறது. கம்பெனி அமைப்பில் கேம்பர் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம்) ஏறக்குறைய பூஜ்யமாக இருப்பதால், இந்தச் சாய்வை ஈடுகட்ட எதுவும் மிச்சமில்லை. ஆகவே பணம் செலவழிப்பதற்கு முதல் இடம் ஸ்பிரிங் அல்ல, முன் கேம்பர்தான். இந்தக் காரில் ஸ்ட்ரட்டும், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளும் இரண்டு போல்ட்டுகளால் இணைகின்றன. அவற்றில் ஒன்றுக்குப் பதிலாகக் கேம்பர் போல்ட் போட்டால் ஒரு டிகிரி அளவுக்கோ அதற்குச் சற்று மேலாகவோ நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்வது) கிடைக்கும். அன்றாட ஓட்டமும் தடமும் சேர்ந்த காருக்கு மைனஸ் ஒன்றரை முதல் இரண்டு டிகிரிக்குள் நிறுத்துவது நல்லது.

அவ்வளவு கேம்பர் வைத்தால் நெடுஞ்சாலையில் டயரின் உட்பக்கம் தேய்ந்துவிடுமே என்று பலர் அஞ்சுகிறார்கள். டயரை வேகமாகத் தின்பது பெரும்பாலும் கேம்பர் அல்ல, தவறான டோதான் (டோ என்பது, மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு). கேம்பரை மாற்றினால் டோவும் மாறிவிடும் என்பதால் முதலில் கேம்பரை வைத்து, அதன்பிறகு டோவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அலைன்மென்ட் பார்க்கும்போது ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்குச் சமமான மணல் மூட்டைகளை வைக்கச் சொல்லுங்கள். தடத்தில் கார் காலியாக ஓடப்போவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். சக்கரத்தைக் கீழே காருடன் இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்களும் (இணைப்பில் இருக்கும் ரப்பர் உறைகள்) பால் ஜாயின்ட்டும் (உருண்டை மூட்டு) தளர்ந்திருந்தால் எந்த அளவையும் நம்ப முடியாது. புஷ்ஷை மாற்றினால், கார் ஜாக்கியில் தொங்கும்போது போல்ட்டை இறுக்கவே கூடாது. சக்கரங்கள் தரையில் பதிந்து, கார் தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். நல்ல பட்டறைகளில்கூட இந்த ஒரு வேலையை அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

40 மி.மீ. தாழ்த்துவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். மெக்ஃபெர்சன் அமைப்பில் காரைத் தாழ்த்தும்போது லோயர் ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிட உயர்ந்துவிடுகிறது. அப்போது ரோல் சென்டர் (வளைவில் கார் எந்தப் புள்ளியை மையமாகக் கொண்டு சாய்கிறதோ அது), காரின் ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழிறங்குவதால், இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் கூடி, சாய்வைக் குறைக்க நினைத்தவருக்குச் சாய்க்கும் விசைதான் அதிகமாகிறது. தவிர, சக்கரம் மேலேறப் பயண தூரம் போதாமல் வளைவின் நடுவிலேயே, பயணத்தின் முடிவில் உள்ள தடுப்பு ரப்பரான பம்ப் ஸ்டாப்பில் முட்டும்போது, முன்பக்கத்தின் விறைப்பு ஒரே கணத்தில் ஏறி, டயரின் பிடி சட்டென்று விட்டுப்போகும். வேகத்தடைகள் விஷயத்தில் நான் சொல்லவே வேண்டாம், 163 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸில் 40 போனால் என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நான்காவதுகியர்:

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஸ்பிரிங் பற்றிச் சில எண்களை மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் கடைகளில் "ஸ்போர்ட்", "ரேஸ்" என்று பெயரைச் சொல்லி விற்கிறார்களே தவிர அளவைச் சொல்வதில்லை. உங்கள் காரின் ஒவ்வொரு முன்சக்கரத்தின் மீதும் ஸ்பிரிங் தாங்கும் எடை ஏறத்தாழ 250 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். காரின் உடல் வினாடிக்கு ஒன்றரை முறை மேலும் கீழும் அலைய வேண்டுமானால், ஒரு மி.மீ. அழுத்தத்துக்கு 2.3 கிலோ அளவுள்ள ஸ்பிரிங் வேண்டும். அதையே வினாடிக்கு இரண்டு முறையாக்க 4 கிலோ வேண்டும். அலைவு வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடுவதற்கே ஸ்பிரிங்கின் விறைப்பு முக்கால் பங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. தினமும் ஓட்டும் காரை வினாடிக்கு இரண்டு என்ற எல்லைக்குக் கீழேயே வைத்திருங்கள். அதற்கு மேல் போனால் நம் சாலைகளின் ஒட்டுப்போட்ட தார்ப்பரப்பில் டயர் தரையை விட்டுத் துள்ளத் தொடங்கும், துள்ளும் டயருக்குப் பிடி கிடையாது.

ஸ்பிரிங்கை விறைப்பாக்கிவிட்டுப் பழைய ஷாக்கையே வைத்துக்கொண்டால், அழுந்திய ஸ்பிரிங் திரும்பி விரியும் வேகத்தை அந்த ஷாக்கால் அடக்க முடியாது. மாறாக, அட்ஜஸ்ட் செய்யக்கூடிய ஷாக் போட்டு ரீபவுண்டை (ஷாக் திரும்பி விரிவதை அடக்கும் விசையை) அளவுக்கு மேல் இறுக்கினால், அடுத்தடுத்து மேடுகள் வரும்போது சக்கரம் கீழிறங்க நேரம் கிடைக்காமல் கார் மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே போகும். நடுநிலையில் தொடங்கி, ஒரு நேரத்தில் முன், பின் இரண்டில் ஒரு முனையை மட்டும் இரண்டு கிளிக் மாற்றிப் பார்த்து, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் கருத்தில், காயில்ஓவரின் மலிவான செட்டைவிட, கம்பெனி உயரத்திலேயே நிற்கும் நல்ல ஷாக் நான்கு உங்களுக்கு அதிகப் பயன் தரும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது என்பதால், எதைக் கழற்றினாலும் பழைய பாகங்களைப் பத்திரமாக வைத்திருங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மேற்குத்தாம்பரம்:

இருவருக்கும் மிக்க நன்றி. முதலில் புஷ்களைப் பார்த்துவிட்டுக் கேம்பர் போல்ட் போடுகிறேன். பின்பக்கம் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைத்து, முறுக்கிக்கொடுக்கும் குறுக்குச் சட்டம்) என்பதால் அங்கே கூடுதல் ஆன்ட்டி ரோல் பார் (சாய்வைக் குறைக்கும் கம்பி) போடலாம் என்று படித்தேன். அது இந்தத் தள்ளலைக் குறைக்குமா?

சக்கரச்சீர்:

குறைக்கும். பின்பக்கச் சாய்வு எதிர்ப்பு கூடும்போது, பக்கவாட்டில் மாறும் பாரத்தில் கூடுதல் பங்கைப் பின்டயர்கள் ஏற்றுக்கொள்வதால் முன் வெளிடயருக்குச் சுமை குறையும். வளைவில் உட்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டுச் சற்றுத் தூக்கினால் பயப்பட வேண்டாம். முன்சக்கர இயக்கக் கார்களில் அது சகஜம். ஆனால் அதே பார் மழைநாளில், வேகமான வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கத்தைச் சுழற்றிவிடும். சி1 போன்ற இடத்தில் அதைச் சமாளிக்கப் பழகிய கைகள் வேண்டும். கேம்பரும் டயர் காற்றும் சரியான பிறகும் தள்ளல் மிஞ்சினால் மட்டும் அதைப் பற்றி யோசியுங்கள்.

காற்றுக்கு வருகிறேன். டயரின் பக்கவாட்டிலிருந்து மேல்முகம் வரை சாக்பீஸால் குறுக்கே கோடு போட்டுவிட்டு, வேகமாகச் சில சுற்று ஓட்டிப் பாருங்கள். ஓரத்தில் உள்ள சிறிய முக்கோணக் குறியைத் தாண்டிக் கோடு அழிந்திருந்தால் காற்று போதவில்லை. அதற்கு வெகு முன்பே அழியாமல் நின்றிருந்தால் காற்று அதிகம். தடத்தில் டயர் சூடேறும்போது 5, 6 பி.எஸ்.ஐ. தானாகவே கூடுமாகையால், ஓட்டி வந்தவுடன் சூட்டோடு அளந்து இறக்கிக்கொள்ளுங்கள். மாலையில் வீட்டுக்குப் புறப்படும் முன் டயர் ஆறியபின் மறுபடி அளந்து, கதவோரம் ஒட்டியிருக்கும் கம்பெனி அளவுக்கு நிரப்பிய பிறகே நெடுஞ்சாலையில் ஏறுங்கள்.