சிஜே3பி-க்கு 4.88 கிரவுன்-பினியன் போடலாமா?

கானாடுகாத்தான் ஜீப்:
எங்க ஐயா காலத்து மகிந்திரா சிஜே3பி ஜீப். காரைக்குடியிலிருந்து திருச்சி ரோட்டுல 70 கி.மீ. வேகத்தைத் தொட்டாலே எஞ்சின் கதறுது. ரெண்டு ஆக்சிலும் 5.38 கிரவுன்-பினியன், அதாவது சக்கரம் ஒரு சுத்து போக ஷாஃப்ட் 5.38 சுத்து சுத்தணும். பின்னாடி மட்டும் 4.88 போட்டா என்ன? மழைக்காலத்துல கண்மாய்க் கரைக்கு மட்டும்தான் ஃபோர் வீல் போடுவேன்.

தேவகோட்டை டீசல்:
பின்னாடி மட்டும் வேண்டவே வேண்டாம் தம்பி. ஃபோர் வீல் போட்டா டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரிச்சுக் கொடுக்கிற பெட்டி) ரெண்டு ஷாஃப்டையும் ஒரே வேகத்துலதான் சுத்தும். பின் சக்கரம் 100 சுத்து போகையில முன் சக்கரம் 91 சுத்துதான் போகும், பிரேக் பிடிச்ச மாதிரி இழுக்கும். சேத்துல வழுக்கித் தப்பிச்சிரும். கெட்டித் தரைக்கு வந்ததும் ஷாஃப்ட் மூட்டுல இருக்கிற யூ.ஜே. கிராஸோ கியரோ போயிரும்.

ரெண்டையும் மாத்துறதும் எனக்குச் சம்மதமில்லை. 6.00-16 டயர்ல 70 போனா இப்ப சுமார் 2850 ஆர்.பி.எம். 4.88 போட்டா 2590. இதுக்காக ரெண்டு ஹவுசிங்கைப் பிரிக்கணுமா?

கோட்டையூர் லோகியர்:
260 சுத்து குறையிறது சின்ன விஷயமா அண்ணே? திருச்சி வரைக்கும் அந்தச் சத்தத்தோட உக்காந்து போறவங்களுக்குத்தான் தெரியும். ரெண்டாம் உலகப் போர்ல ஓடின வில்லிஸ் எம்பி-க்கே 4.88தான். நம்ம சிஜே3பி-யோட டி90 கியர்பாக்ஸ்ல ஃபர்ஸ்ட் 2.798, டிரான்ஸ்ஃபர் கேஸ் லோ 2.46, ஆக்சில் 5.38, பெருக்கினா மொத்தம் 37. மாத்தினா 33.6. நம்ம பக்கத்துக் கண்மாய்க் கரைக்கு அது தாராளம்.

தேவகோட்டை டீசல்:
கணக்கு சரி. மாட்டுற கை யாரு? பினியன் ஆழத்துக்கு ஷிம் தகடு வச்சு, பேக்லாஷ் (பல்லுக்குப் பல் இடைவெளி) பார்த்து, பல்லுல சாயம் தடவித் தடம் பார்க்கணும். அதுல தப்பினா இப்ப எஞ்சின் போடுற சத்தத்தை ஆக்சில் போடும். அதைவிட ஓவர்டிரைவ் (எஞ்சின் சுத்தைக் குறைக்கிற கூடுதல் கியர்) கிடைச்சாப் போடுங்க. டானா 18 டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னாடி, வெளிச் சாமானை ஓட்டுறதுக்கு இருக்கிற பி.டி.ஓ. வாயில உக்காரும். லோ கியர் அப்படியே இருக்கும்.

கானாடுகாத்தான் ஜீப்:
அந்த வாயிலதான் தோப்புக்குப் பம்ப் ஓட்டுறோம். அதை விடமுடியாது அண்ணே.

தேவகோட்டை டீசல்:
அப்ப 7.00-16 டயர் போடுங்க. ஆறேழு சதவீதம் குறையும், ஒரு போல்ட்டையும் தொட வேண்டாம்.

கோட்டையூர் லோகியர்:
இதை நான் ஒத்துக்கவே மாட்டேன். பெரிய டயரை நிறுத்துறது அதே பழைய டிரம் பிரேக்தான். ஸ்டியரிங்கும் கனக்கும். வீல்பேஸே 80 அங்குலம். பாதுகாப்பை விட்டுக்கொடுத்துட்டுச் சத்தத்தைக் குறைக்கிறது என்ன நியாயம்? ரெண்டு ஆக்சிலும் 4.88 போடுங்க தம்பி, நல்ல கையில கொடுங்க. ஸ்பீடோ கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸ்லேருந்து வருது, அதனால மாத்தின பிறகு மீட்டர் குறைச்சுக் காட்டும். 60 காட்டினா 66 போறீங்கன்னு வச்சுக்கங்க.

தேவகோட்டை டீசல்:
பிரேக் விஷயம் நியாயம்தான், டயர் யோசனையை விட்டுர்றேன். ஆனா செட் வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் பல்லை எண்ணுங்க. கிரவுன்ல 43, பினியன்ல 8 இருந்தா 5.38; 39-க்கு 8 இருந்தா 4.88. இத்தனை வருஷத்துல யார் எதை மாத்தினாங்களோ.

கானாடுகாத்தான் ஜீப்:
சரி அண்ணே. பின் ஹவுசிங் கவரைக் கழட்டி எண்ணிட்டுப் படம் போடுறேன். முன்பக்கத்தையும் அன்னைக்கே பார்த்துர்றேன்.